அசூயைக்கும் கஷண்டிக்கும்: ஒரு நெற்றிக்கோட்டின் வரலாறு

சற்று நீளமான பதிவு. ஆய்வேட்டுக்கு வெளியே நிற்கும் பொருள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

"அசூயைக்கும் கஷண்டிக்கும் மருந்தில்லை" என்றொரு மலையாளப் பழமொழி உண்டு. வெள்ளறடையில் பிறந்த எவரும் இதைக் கேளாமல் வளர்ந்திருக்க முடியாது. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசி வளர்ந்த எனக்கு இதை முதலில் சொன்னவர் என் மாமா. அவருக்கு இரண்டாவது நோய் இருந்தது, முதலாவது இல்லை. எனக்கு இப்போது வயது இருபத்தெட்டு. கடந்த ஈராண்டுகளாக என் நெற்றி இருபுறமும் மேலேறிக்கொண்டிருக்கிறது. உச்சியில் ஒரு நாணயத்தின் அகலத்துக்குத் தோல் தெரிகிறது. முடி நடும் அறுவையைச் செய்துகொள்வதா வேண்டாமா என்ற கேள்வி ஓராண்டாக என் மேசைமேல் இருக்கிறது. ஆய்வாளனின் கெட்ட பழக்கம், விடை காணுமுன் கேள்வியின் வரலாற்றைத் தேடுவது. அந்தத் தேடலின் குறிப்புகளே இவை.

சொற்களிலிருந்து தொடங்குகிறேன், எனக்குத் தெரிந்த தொழில் அது. 'வழுக்கை' என்பது வழுக்குதல் என்னும் வினையின் பிள்ளை. இளநீரின் உள்ளே கையில் நழுவும் இளம் பருப்புக்கும் அதே பெயர். திட்டுத்திட்டாக முடி உதிர்வதைப் 'புழுவெட்டு' என்கிறோம். அது வேறு நோய்; உடலின் எதிர்ப்பாற்றல் தன் மயிர்க்கால்களையே தாக்குவதால் வருவது. ஆனால் ஏதோ ஒன்று அரித்துத் தின்றுவிட்டது என்ற கற்பனை அச்சொல்லில் உறைந்து நிற்கிறது. 'மொட்டை' இவற்றோடு சேராது. மொட்டையை நாம் அடிக்கிறோம், போடுகிறோம். வேண்டுதலுக்காகவும் துக்கத்துக்காகவும் மனமுவந்து செய்கிறோம். வழுக்கையோ 'விழுகிறது'. "எனக்கு வழுக்கை விழுந்துவிட்டது" என்னும் தொடரில் தலைக்கு உரியவன் எழுவாய் அல்லன். பசிக்கும் காய்ச்சலுக்கும் ஆட்பட்டவன் நிற்கும் அதே நான்காம் வேற்றுமையில் நிற்கிறான். எல்லைக்கோட்டின் இந்தப் பக்கத்தில் இன்னொரு விந்தை. தமிழில் விழுகிற வழுக்கை மலையாளத்தில் 'கயறுகிறது', அதாவது ஏறுகிறது: "கஷண்டி கயறி." ஒரே நெற்றியை ஒரு மொழி மேலிருந்தும் மற்றது கீழிருந்தும் பார்க்கிறது. மருத்துவ வரைபடங்களின்படி இரண்டு மொழிகளும் சரியே. நெற்றிப்பொட்டிலிருந்து மேலேறும் கோடு ஒன்று. உச்சியிலிருந்து பரவும் வட்டம் ஒன்று. இரண்டும் ஒருநாள் சந்திக்கின்றன.

'மயிர்' என்ற சொல்லுக்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். திருக்குறளின் 'மானம்' அதிகாரத்தில் பத்துக் குறள்களுள் இரண்டு மயிரைப் பற்றியவை. நிலை தாழ்ந்த மாந்தரைத் தலையிலிருந்து விழுந்த மயிருக்கு ஒப்பிடுகிறது 964. மயிர் இழந்தால் உயிர் வாழாத கவரிமாவைச் சொல்கிறது 969. அன்று மானத்தைப் பேசப் பயன்பட்ட அச்சொல் இன்று தமிழிலும் மலையாளத்திலும் வாய்விட்டுச் சொல்லக்கூடாத வசைச்சொல். அதன் இடத்தில் 'முடி' வந்து அமர்ந்திருக்கிறது. மகுடத்துக்கும் அதுவே பெயர் என்பதால், உதிர்வது சற்றுக் கூடுதலாகவே வலிக்கிறது.

வழுக்கை பழைய நோய் என்பதில் ஐயமில்லை. சுசுருத சங்கிதையின் நிதானத்தானம் பதின்மூன்றாம் அத்தியாயத்தில் அதற்கு விளக்கம் இருக்கிறது. வாதத்தோடு சேர்ந்த பித்தம் மயிர்க்கால்களை அடைந்து முடியை உதிர்க்கிறது. பின்பு கபமும் இரத்தமும் அத்துளைகளை அடைத்துவிடுவதால் புதுமுடி முளைப்பதில்லை. பர்த்ருஹரியின் நீதிசதகத்தில் ஒரு வழுக்கைத் தலையன் வெயிலுக்கு ஒதுங்கி மரத்தடிக்குப் போகிறான். பெரிய பழம் ஒன்று விழுந்து அவன் தலை பிளக்கிறது. விதியை விளக்க அந்தக் கவிக்குக் கிடைத்த உவமை வழுக்கைத் தலைதான். மருந்துகளும் குறைவில்லை. என் பாட்டி அடுப்பில் தேங்காயெண்ணெய் காய்ச்சும்போது கையோன்னிச் சாற்றை ஊற்றுவாள். பாண்டிப் பக்கத்தில் அதையே கரிசலாங்கண்ணி, கையாந்தகரை என்பர். வடமொழி வைத்தியத்தில் பிருங்கராஜம். இத்தனை பெயர் பெற்ற ஒரு செடி இருந்தும் பழமொழி அசையவில்லை என்பதே அதன் பயனைப் பற்றிய நேர்மையான சாட்சியம்.

ஆனால் என்னைத் துன்புறுத்துவது வழுக்கை அன்று, நெற்றிக்கோடு. அக்கோடு ஒரு கவலையாக எப்போது பிறந்தது? என் ஊகத்தை இங்கே வைக்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகைப்படங்களில் குடுமி வைத்த ஆண்களைப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பின்குடுமியில் முன்தலை பாதிவரை மழிக்கப்பட்டிருக்கும். மலையாளக் கரையின் முன்குடுமியிலோ சுற்றிலும் மழித்து, உச்சியில் வட்டமாக விட்ட முடியை நீள வளர்த்து முன்னே கொணர்ந்து முடிந்திருப்பார்கள். இரண்டிலும் நெற்றிக்கும் முடிக்கும் இடையிலான இயற்கைக் கோட்டைச் சவரக்கத்தி முன்னதாகவே அழித்துவிடுகிறது. இருபத்தைந்து வயதில் ஒருவனுக்கு நெற்றி ஏறியதா என்று அவனுடைய மனைவிக்குக்கூடத் தெரிந்திருக்க வழியில்லை. உச்சி வழுக்கை வேறு கதை. குடுமிக்கு முடி போதாத முதுமையை எல்லோரும் கண்டிருப்பார்கள். ஆனால் இளைஞனின் 'ஏறும் நெற்றி' கண்ணுக்குப் புலப்பட ஒரு புதிய சிகையலங்காரம் வேண்டியிருந்தது. அதற்கு நாம் வைத்த பெயர் கிராப்பு.

கிராப்பு எளிதில் வரவில்லை. மதம் மாறிய ஆண்கள் குடுமியை வெட்டவேண்டுமா என்று மிஷனரிகள் தங்களுக்குள் வாதிட்டார்கள். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லே குடுமியைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அது 1875-இல் 'இந்தியன் ஆண்டிக்குவெரி' இதழில் வந்தது. குடுமி புறச்சமயச் சின்னம் அன்று, நாட்டு வழக்கமே என்பது அவர் தரப்பு. (மொழியியல் மாணவர்கள் ஒப்பிலக்கணத்தோடு நின்றுவிடாமல் இதையும் படிக்கலாம்.) மலபாரிலும் கொச்சியிலும் 1920-30களின் நம்பூதிரி இளைஞர் சீர்திருத்த இயக்கத்தில் குடுமியை வெட்டுவது ஒரு பிரகடனமாகவே இருந்தது. கிராப்பு நவீனத்தின் அடையாளமாயிற்று. அதனோடு, யாரும் கேளாத இலவச இணைப்பாக, நெற்றிக்கோடும் வெளிச்சத்துக்கு வந்தது.

தென்திருவிதாங்கூரின் கதை குடுமியோடு முடியவில்லை. எங்கள் பக்கத்தில் பெரும்பாலோரின் முன்னோருக்குத் தலையில் என்ன இருக்கலாம் என்பதை அவர்கள் தீர்மானிக்கவில்லை. தாழ்த்தப்பட்ட சாதியினர் தலைப்பாகை கட்டுவது குற்றமாகக் கருதப்பட்ட நாடு இது. சாமித்தோப்பில் ஐயா வைகுண்டர் (1809-1851) ஆண்களைத் தலைப்பாகையோடு வழிபடச் சொன்னது அதற்கு விடையாகத்தான். இன்றும் நிழல்தாங்கல்களில் ஆண்கள் தலைப்பாகை கட்டியே நிற்கிறார்கள். 1893-இல் வெங்ஙானூர் அய்யன்காளி வில்லுவண்டியில் பொதுப்பாதையில் சென்றபோதும் தலையில் தலைப்பாவு இருந்தது.

இந்த வரலாறு என் சொந்த வழக்கில் ஒரு வேடிக்கையான தடையாக வந்து நின்றது. "குடும்பத்தில் யாருக்கு வழுக்கை?" என்று தோல் மருத்துவர் கேட்டார். மாமாவுக்கு உண்டு, அப்பாவுக்கு அவ்வளவாக இல்லை. அம்மாவின் பாட்டாவின் புகைப்படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார். தலையில் புருவத்துக்குச் சற்றே மேலிருந்து தொடங்கும் பெரிய வெள்ளைத் தலைப்பா. அதனடியில் முடி இருந்ததா என்று சொல்ல உயிரோடு ஒருவரும் இல்லை. அவரைத் தலைப்பா இல்லாமல் பார்த்த நினைவே இல்லை என்கிறார் அம்மா. "கட்டக்கூடாதென்று சொன்ன காலம் இருந்ததே, பிறகு அவர் அதைக் கழற்றுவாரா?" என்றும் கேட்டார்.

முடியை வெட்டிக்கொள்ளும் உரிமையே இன்னும் சமமாகப் பகிரப்படவில்லை என்பதையும் மறக்கலாகாது. இடுக்கி மாவட்டம் வட்டவடையில் தமிழ் பேசும் தலித் குடும்பத்தாருக்கு உள்ளூர்க் கடைகளில் முடிவெட்ட மறுத்துவந்தார்கள். 2020 செப்டம்பரில் ஊராட்சியே பொது முடிதிருத்தகம் ஒன்றைத் திறக்கவேண்டியதாயிற்று. நெற்றிக்கோட்டை நினைத்து வருந்துவதும் ஒருவகை வசதியே. எனக்கு இது தெரியும். தெரிந்தும் கண்ணாடிமுன் நிற்கும்போது வருத்தம் குறைவதில்லை.

இனி அறிவியலின் பக்கம். அண்ணகர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதை ஹிப்போகிரேட்டிஸின் மரபினர் குறித்து வைத்திருந்தார்கள். ஆனால் அதைச் சோதித்து நிறுவியவர் அமெரிக்க உடற்கூற்றியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன்; ஆண்டு 1942. ஆண்மை நீக்கப்பட்டவர்களுக்கும் பூப்பு எய்தாதவர்களுக்கும் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை இருந்தவர்களுக்கே முடி உதிரத் தொடங்கியது. மருந்தை நிறுத்தியதும் உதிர்வு நின்றது, ஆனால் போனது திரும்பவில்லை. பரம்பரையும் ஆண்சுரப்பும் வயதும் சேர்ந்தால்தான் வழுக்கை என்ற மூவிணை அன்று தெளிவாயிற்று. இந்த அறிவுக்கு உடலைத் தந்தவர்கள் யார் என்று கேட்டால் மனம் கசக்கிறது. 1969-இல் ஹாமில்டன் ஆண்மை நீக்கமும் ஆயுளும் பற்றி வெளியிட்ட ஆய்வு, கான்சாஸ் மாநிலத்தில் மனவளர்ச்சி குன்றியோருக்கான விடுதி ஒன்றில் அவ்வாறு அறுவை செய்யப்பட்டவர்களை அடிப்படையாகக் கொண்டது. என் நெற்றிக்கோட்டின் அறிவியலுக்குப் பின்னால் அத்தகைய உடல்களும் நிற்கின்றன.

வழுக்கையின் வடிவங்களை முதலில் வகுத்தவரும் ஹாமில்டனே (1951). அதை 1975-இல் ஓ'டார் நோர்வுட் திருத்தி ஏழு படிகளாக்கினார். இன்று நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் எந்தக் கிளினிக்கில் நுழைந்தாலும் சுவரில் தொங்குவது அந்த ஏழு தலைகள்தான். அவை ஓராயிரம் வெள்ளை இன ஆண்களின் தலைகளைக் கண்டு வரைந்தவை. பெண்களுக்கு லுட்விக் 1977-இல் மூன்று படிகள் வகுத்தார். பெண்களின் நெற்றிக்கோடு பெரும்பாலும் நிலைக்கும், நடு வகிடுதான் அகலும். எங்கள் வீட்டில் அதைப் 'பிள்ளைப்பேறுக்குப் பிறகு முடி போயிற்று' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பெண்களின் முடியிழப்பைப் பற்றி எழுத இன்னொரு பதிவு வேண்டும். அதை எழுதத் தகுந்தவன் நான் அல்லன்.

"தாய்மாமனைப் பார், உன் தலை தெரியும்" என்னும் நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. 1916-இல் டாரதி ஆஸ்பர்ன் வழுக்கையை ஒரே மரபணுவின் விளையாட்டாக விளக்கினார். பின்னாளில் தாய்வழி வரும் எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஆண்ட்ரோஜன் ஏற்பி மரபணுவுக்குப் பெரும்பங்கு உண்டு என்று தெரிந்தது. ஆனால் பிரிட்டனில் ஏறத்தாழ 52,000 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு (2017) வழுக்கையோடு தொடர்புடைய 287 மரபணுப் பகுதிகளைக் கண்டது. எக்ஸ் குரோமோசோமில் இருந்தவை 40 மட்டுமே. மாமாவின் பங்கு பெரிது. முழுப்பழியும் அவர்மேல் இல்லை.

மருந்துகள் இரண்டு. இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மினாக்சிடில் கண்ட இடத்தில் முடியை வளர்த்தது. 1988-இல் அமெரிக்காவில் தலையில் பூசும் மருந்தாக அனுமதி பெற்றது. புராஸ்டேட் வீக்கத்துக்கு வந்த பினாஸ்டிரைடு 1997-இல் வழுக்கைக்கு ஒரு மில்லிகிராம் மாத்திரையாக வந்தது. இரண்டும் இருப்பதைக் காக்கும்; ஓரளவு மீட்கும்; நிறுத்தினால் ஆதாயம் கரையும். பினாஸ்டிரைடால் சிலருக்குப் பாலியல் சார்ந்த பக்கவிளைவுகள் வருவதுண்டு; மருத்துவரிடம் கூச்சமின்றிப் பேசவேண்டிய பொருள் அது. ஆக, பழமொழியின் பிற்பாதி 1988-க்குப் பின் முற்றிலும் உண்மை அன்று. முற்பாதி நிலைக்கிறது.

முடி நடவின் வரலாற்றில்தான் ஒரு மொழியியல் மாணவனுக்குத் தனி ஆர்வம். 1939-இல் ஷோஜி ஒகுடா என்னும் ஜப்பானிய மருத்துவர், சிறிய வட்டக் கருவியால் முடியுள்ள தோலைத் துண்டு துண்டாக எடுத்துத் தழும்புபட்ட, முடியற்ற இடங்களில் நட்டு வெற்றி கண்டார். அதை ஜப்பானிய மொழியில், ஜப்பானிய இதழில் எழுதினார். உலகப்போர் மூண்டது. மேலை மருத்துவம் அக்கட்டுரையை அறியவில்லை. நியூயார்க்கில் நார்மன் ஓரண்ட்ரைக் 1952-இல் தாமாகவே ஒரு வழுக்கைத் தலையில் அந்த வேலையைச் செய்தார். 1959-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். துறையின் தந்தை என்ற பெயர் நெடுநாள் அவருக்கே இருந்தது. ஒகுடாவின் கட்டுரை எவருக்கும் மறைக்கப்படவில்லை, அச்சில்தான் இருந்தது. தாய்மொழியில் ஆய்வேடு எழுதலாமா என்று தயங்கும் நண்பர்களிடம் இக்கதையை நான் சொல்வதில்லை. ஆனால் நினைக்கிறேன்.

ஓரண்ட்ரைக்கின் பெரும் கண்டுபிடிப்பு ஒன்று உண்டு: பிடரியிலிருந்து எடுத்த முடி, எங்கே நட்டாலும் பிடரியின் குணத்தையே காக்கிறது. புலம்பெயர்ந்தவர் தம் ஊர்ப்பேச்சை விடாததுபோல. முன்நெற்றியின் மயிர்க்கால்கள் ஆண்சுரப்பின் வழிப்பொருளுக்கு நலிந்து சிறுக்கின்றன. பிடரியின் கால்கள் அசைவதில்லை. நடவு அறுவை முழுவதும் இந்த ஒரே உண்மையின்மேல் நிற்கிறது. அன்று நட்டவை பொம்மைத் தலைபோலக் கொத்துக் கொத்தாகத் தெரிந்தன. பிடரியிலிருந்து ஒரு பட்டையை வெட்டி, நுண்ணோக்கியில் பிரித்து, இயற்கையில் இருப்பதுபோல் ஒன்று முதல் நான்கு முடிகள் கொண்ட அலகுகளாக நடும் முறை பின்னர் வந்தது. ஒவ்வோர் அலகையும் தனித்தனியே தோண்டி எடுக்கும் முறை அதற்கும் பின்னே.

இங்கே விளம்பரங்கள் சொல்லாத ஒரு கணக்கு இருக்கிறது. நடவு புதுமுடியை உண்டாக்குவதில்லை. இருப்பதை இடம் மாற்றுகிறது. பிடரியின் கையிருப்பு சில ஆயிரம் அலகுகள்; எடுத்த இடத்தில் மீண்டும் முளைக்காது. நட்ட முடி சில வாரங்களில் உதிர்ந்து, மூன்று நான்கு மாதங்களில் முளைத்து, ஓராண்டில்தான் முழுமை பெறும். அதைச் சுற்றி முன்பே இருந்த முடியோ தன் பாட்டுக்கு உதிர்ந்துகொண்டே இருக்கும். இருபத்தெட்டு வயதில் முன்கோட்டைத் தாழ இறக்கி நட்டவனுக்கு நாற்பதில் முன்னே ஒரு வேலியும் பின்னே ஒரு வெட்டவெளியும் மிஞ்சலாம். வேலியை இணைக்கப் பிடரியில் சரக்கு இராது. இளவயதில் அவசரப்படாதே என்று நல்ல அறுவையாளர்கள் சொல்வதன் காரணம் இதுவே.

நகரத்தில் ஒரு நிலையத்துக்குப் போயிருந்தேன். வெள்ளை மேலங்கி அணிந்த ஒருவர் தொலைபேசியில் என் தலையைப் படமெடுத்து, "மூன்றாம் படி, 2,500 கிராப்டு, இந்த மாதம் தள்ளுபடி" என்றார். நான்கு மாத உதவித்தொகை. அவர் மருத்துவரா என்று கேட்டேன், ஆலோசகர் என்றார். அறுவை செய்பவர் யார் என்று கேட்டேன். அன்றைக்கு இருப்பவர் என்றார். குடும்பத்தில் யாருக்கு வழுக்கை என்று அவர் கேட்கவே இல்லை.

வீடு திரும்பும் பேருந்தில் எனக்கு 2016 மே மாதம் நினைவுக்கு வந்தது. சென்னையில், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர் ஒருவர், வயது இருபத்திரண்டு, நுங்கம்பாக்கத்தில் ஓரிடத்தில் முடி நடவு செய்துகொண்டு, உடல்நிலை மோசமாகி, சில நாட்களில் வேலூரில் இறந்தார். அந்த இடம் சிகையலங்காரக் கூடமாக மட்டுமே உரிமம் பெற்றிருந்தது என்று நாளிதழ்கள் எழுதின. நாளை மருத்துவராகப் போகிறவருக்கே அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் நமக்கு எப்படித் தெரியும்? தமிழகத்தில் முடிதிருத்துவோர் சமூகத்துக்கு 'மருத்துவர்' என்ற பெயர் உண்டு. கத்தி பிடித்தவரே கட்டி அறுத்த, மகப்பேறு பார்த்த காலத்தின் எச்சம் அது. அந்த அறிவை ஏளனம் செய்து அவர்களிடமிருந்து பிடுங்கிய பின்பு, நூறாண்டு கழித்து அலங்காரக் கூடத்துக்குள் அறுவை மேசையைக் கொண்டுபோய்ப் போட்டது சந்தை. 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது: முறையான அறுவைப் பயிற்சி பெற்ற, பதிவுபெற்ற மருத்துவரே இதைச் செய்யவேண்டும், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றது போதாது, நெருக்கடி வந்தால் காப்பாற்றும் வசதி அவ்விடத்தில் இருக்கவேண்டும். சொல்லவேண்டிய நிலை வந்ததே வியப்பு.

இலக்கணத்துக்கு ஒரு நிமிடம் திரும்புகிறேன். வழுக்கை 'எனக்கு' விழுந்தது. ஆனால் நண்பர்கள் பேசும்போது "நான் ட்ரான்ஸ்பிளான்ட் பண்ணினேன்" என்கிறார்கள். நான்காம் வேற்றுமையில் இருந்தவன் எழுவாயாகிவிடுகிறான். விளம்பரம் விற்பது முடியை விட இந்த வேற்றுமை மாற்றத்தையே என்று எனக்குத் தோன்றுகிறது. அதைக் குறை சொல்லவும் மாட்டேன். தலையில் என்ன இருக்கவேண்டும் என்பதைத் தாமே முடிவுசெய்ய என் ஊரார் பட்ட பாட்டை மேலே எழுதியிருக்கிறேன். அந்த வழியில் வந்தவன் முடி நடுவதை வெறும் பகட்டு என்று தள்ள எனக்கு வாய் வரவில்லை. ஆனால் தலைப்பாவைக் கட்டச் சொன்ன குரலும் தள்ளுபடி சொன்ன குரலும் ஒன்றல்ல.

முடிவு கேட்பவர்களுக்கு: இப்போதைக்கு நடவில்லை. அரசு மருத்துவமனைத் தோல்நோய்ப் பிரிவில், குடும்பக் கேள்வி கேட்ட அந்த மருத்துவர், என் தலையை நான்கு கோணங்களில் படமெடுத்து வைத்திருக்கிறார். பூசும் மருந்தை எழுதித் தந்து, "ஒரு வருடம் கழித்து இதே வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுப்போம், எவ்வளவு வேகமாகப் போகிறது என்று தெரியாமல் நான் உன்னை யாரிடமும் அனுப்பமாட்டேன்" என்றார். தேதியைக் குறித்துக்கொண்டேன். சென்ற ஞாயிறு பனச்சமூட்டில் முடிவெட்டப் போனபோது கடைக்கார அண்ணனிடம் முன்னால் மறைத்து விடவேண்டாம், பக்கவாட்டைக் குறுக வெட்டுங்கள் என்றேன். "கயறிட்டுண்டல்லோ" என்றார் மலையாளத்தில். "விழுந்திருக்கு அண்ணா" என்றேன் தமிழில். இருவரும் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தோம். அவருக்கு என்னைவிட இரண்டு படி கூடுதல்.